எங்க ஆயா எங்கே அச்சடித்தாங்க?

எங்க ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ரேஷன் கடையானாலும் சரி, முதியோர் பென்ஷன் மணியார்டர் வந்தாலும் சரி, கட்டை விரலைத்தான் நீட்டுவாங்க. மை ஒட்டின விரலைப் புடவையில் துடைக்க மாட்டாங்க, புடவை கெட்டுப்போகும் என்று மண் செவுத்தில் துடைப்பாங்க. ஒரே இடத்தில் பத்துப் பன்னிரண்டு நீல ரேகை இருக்கும். அவங்க எழுதி வைத்துவிட்டுப் போன எழுத்து அவ்வளவுதான்.

அந்தக் கையால் அவங்க செய்த வேலை ஒன்றைப் பற்றி எழுதப் போகிறேன். அதை எழுத எனக்கு ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. நேரம் இல்லாமல் இல்லை. பயந்துகொண்டு எழுதாமல் இருந்தேன். அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

எனக்குப் படாளம். செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவில், ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல் இருக்கிறது. சர்க்கரை ஆலையை வைத்துச் சிலருக்கு ஊர்ப் பேர் தெரிந்திருக்கும். வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் இங்கேதான் திரும்புவார்கள். நைனா கரும்பு வெட்டுக் காலத்தில் கரும்புக்கும் மற்ற நாளில் வயல் வேலைக்கும் போவார். ஆயா காலமெல்லாம் ஒரே பண்ணையில் கூலி.

துவரையும் காராமணியும் களத்துக்கு வந்ததும் விதைக்கென்று ஒதுக்கினதை ஆயாதான் ‘மண் கட்டுவாங்க’. செம்மண்ணை மாவு மாதிரி சலிக்கணும். நொச்சி இலையை இடித்துப் பிழிந்த சாற்றில் அதைக் குழைக்கணும். வசம்பைத் தூளாக்கிச் சேர்க்கணும். மரக்காலுக்கு ஒரு கை வசம்பு. கை என்றால் ஆயாவின் கை. கடைசியில் ஒரு கரண்டி வேப்பெண்ணெய். எல்லாம் சேர்ந்த குழம்பில் பயறைப் போட்டு, ஒவ்வொரு மணியின் மேலும் மண் ஏறும்வரை இரண்டு கையாலும் புரட்டிக்கொண்டே இருப்பாங்க. ஒருநாள் நிழல், இரண்டுநாள் வெயில். அடுத்த ஆடி வரைக்கும் வண்டு கிட்டவே வராது.

காய்ந்ததும் பண்ணையின் ஆள் வந்து மூட்டையைத் தூக்கி உள்ளே கொண்டுபோவான். தன் கையால் கட்டின விதை இருந்த அறையை ஆயா ஒருநாளும் பார்த்ததில்லை. தோட்டத்துப் பக்கம் வேலை, தோட்டத்துப் பக்கமே கூலி. இரண்டு படி நொய், சில நாளில் பழைய குழம்பு. சுத்துப்பட்டு ஊர்களில் அந்த விதைக்குப் பெரிய பேர். ‘பண்ணை வீட்டு விதை பழுதே போகாது’ என்று வாங்கிக்கொண்டு போவார்கள். ஆயா வீட்டு விதை என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

நான் செங்கல்பட்டில் பி.ஏ. முடித்துவிட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினேன். 1995இல் சென்னையில் காப்புரிமை வேலை பார்க்கிற ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். படாளத்தில் பாசஞ்சரைப் பிடித்து, செங்கல்பட்டில் மின்சார ரயிலுக்கு மாறி, போக வர தினம் நாலு மணிநேரத்துக்கு மேல். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்த வேலை.

காப்புரிமை என்றால் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருத்தர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்று மனு போடுவார். மனுவின் உயிர் அதில் ‘கிளெய்ம்’ என்று எண் போட்டு எழுதுகிற வாக்கியங்களில் இருக்கிறது. அவை வயலுக்கு நடுகிற எல்லைக்கல் மாதிரி. ‘இங்கிருந்து இதுவரை என்னுது, இருபது வருஷத்துக்கு வேறு யாரும் கால் வைக்கக் கூடாது’ என்று சொல்பவை. காப்புரிமை அலுவலகத்தில் பரிசோதகர் ஒருவர் பழைய காப்புரிமைகளையும் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் தேடிப் பார்ப்பார். ‘இது ஏற்கெனவே இருக்கிறது’ என்றோ, ‘இதையும் அதையும் சேர்த்தால் தொழில் தெரிந்த எவருக்கும் தோன்றக்கூடியது’ என்றோ அறிக்கை அனுப்புவார். அதற்குப் பதில் போடணும். கட்டுப்பாட்டாளர் கூப்பிட்டு விசாரித்து உத்தரவு போடுவார். நிராகரித்தால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு. 2007 வரைக்கும் அது ஹைகோர்ட்டுக்குப் போனது. பிறகு அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம். 2021இல் வாரியத்தைக் கலைத்த பின் மறுபடி ஹைகோர்ட்.

மேல்முறையீடு எழுதுவதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. பரிசோதகர் காட்டின பழையதற்கும் நம்ம கட்சிக்காரருடைய புதியதற்கும் வித்தியாசம் காட்டணும். மயிரிழை வித்தியாசம் போதும். அந்த மயிரிழையைக் கயிறாகத் திரிக்கிறவர்தான் நல்ல வக்கீல். அப்படித் திரித்த கயிறுகளை ஆயிரக்கணக்கில் டைப் அடித்தவன் நான்.

நான் வேலைக்குச் சேர்ந்த அதே 1995இல்தான் மஞ்சளுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் பேரில், இந்திய வம்சாவளியினர் இரண்டு பேர் கண்டுபிடித்ததாக. காயத்துக்கு மஞ்சள் போட்டால் ஆறும் என்பது கண்டுபிடிப்பு. நம் நாட்டின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் 1996இல் மறுபரிசோதனை கேட்டது. அப்போதைய அமெரிக்கச் சட்டப்படி, வேறு நாட்டில் ஜனங்கள் காலகாலமாய்ச் செய்துவருவது கணக்கில் வராது. அச்சில் இருக்கணும், இல்லையென்றால் காப்புரிமையாக இருக்கணும். அதனால் 32 ஆதாரங்களைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். பழைய சமஸ்கிருத, உருது, இந்தி நூல்கள், 1953இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த கட்டுரை என்று. பரிசோதகர் நிராகரித்தபோது அந்தப் பக்கம் சொன்ன பதில் எங்கள் ஆபீசில் பெரிய பேச்சானது. ‘பழைய நூல்களில் இருப்பது மஞ்சள் விழுது, எங்களுடையது மஞ்சள் தூள், இரண்டின் குணமும் வேறு’ என்று வாதாடினார்கள். நான் சொன்னேனே, மயிரிழை. அது எடுபடவில்லை. 1997இல் காப்புரிமை போனது.

அன்றைக்கு ராத்திரி ஆயாவிடம் சொன்னேன்: “ஆயா, அமெரிக்காவுல இருந்து மஞ்சள மீட்டுட்டாங்க.”

“அது எப்படா அங்க போச்சு?” என்றாங்க.

விளக்கிச் சொன்னேன். நூல்களைக் காட்டி ஜெயித்தோம் என்றேன். ஆயா கொஞ்சநேரம் வெத்தலையை மென்றுகொண்டே இருந்தாங்க. “பொஸ்தகம் இல்லன்னா குடுத்திருக்க மாட்டானா?” என்றாங்க. நான் பதில் சொல்லவில்லை.

வேம்பின் கதை இதைவிட நீளம். டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பெனிக்கும் அமெரிக்க வேளாண்மைத் துறைக்கும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் ஒரு காப்புரிமை கொடுத்தது. வேப்பெண்ணெயை ஒருவிதமாகப் பிரித்தெடுத்துப் பயிர்களின் பூஞ்சணத்தைத் தடுப்பது பற்றியது. வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பசுமைக் கட்சியில் இருந்த மாக்தா ஆல்ஃபூட், இயற்கை வேளாண்மை இயக்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு மூன்று பேரும் சேர்ந்து 1995இல் எதிர்த்தார்கள். 2000 மே மாதம் காப்புரிமை ரத்தானது. சும்மா விட்டார்களா? மேல்முறையீடு போனார்கள். 2005 மார்ச் 8ஆம் தேதிதான் மியூனிக்கில் அது தள்ளுபடியானது. பத்து வருஷம். 2000ஆம் ஆண்டு விசாரணையில் எடுபட்ட சாட்சி யாருடையது என்று தேடிப் படித்தேன். மகாராஷ்டிரத்தில் எண்பதுகளின் நடுவிலேயே வேம்புச் சாற்றை வயல்களில் சோதித்துப் பார்த்த ஒரு கம்பெனியின் மேலாளர். நல்ல சாட்சி, அவருக்கு நன்றி சொல்லணும். ஆனால் அவருக்கு முன்னால் வேப்பங்கொட்டை பொறுக்கி, இடித்து, ஆட்டின கைகளை எந்த மன்றமும் கூண்டில் ஏற்றிக் கேட்கவில்லை.

ஆயா 2001இல் போயிட்டாங்க. 2013இல் அந்த ஃபைல் என் மேசைக்கு வந்தது.

கம்பெனியின் பேர் வேண்டாம். பயறு விதைகளுக்குத் தாவரப் பூச்சு. கிளெய்ம் ஒன்று: சலித்த களிமண், நொச்சி இலைச் சாறு, வசம்புத் தூள், வேப்பெண்ணெய் ஆகியவை குறிப்பிட்ட விகிதத்தில் கலந்த கலவை. டைப் அடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. ஆங்கில எழுத்தில் நொச்சியின் வாசனை வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? எனக்கு வந்தது.

அந்த மனுவை ஏற்கெனவே நிராகரித்திருந்தார்கள். நாங்கள் போடப்போவது மேல்முறையீடு. பரிசோதகர் இரண்டு கட்டுரைகளைக் காட்டியிருந்தார். முதல் கட்டுரையில் வேப்பெண்ணெயும் வசம்பும். இரண்டாவதில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மண் கட்டுவது. வக்கீல் சொல்லச் சொல்ல நான் அடித்த வாதம் இது: முதல் கட்டுரையில் மண் இல்லை. இரண்டாவதில் வசம்பு இல்லை. இரண்டாவதில் ‘உள்ளூர்ப் பெண்கள் சில இலைச் சாறுகளையும் சேர்ப்பதுண்டு’ என்று ஒரு வரி வருகிறது. எந்த இலை, எவ்வளவு என்று இல்லை. ஆகவே அது வெளிப்படுத்தியதாகாது. இப்படியொரு கலவை இதற்கு முன் எவராலும் பயன்படுத்தப்பட்டதில்லை.

‘உள்ளூர்ப் பெண்கள்.’ கட்டுரை எழுதினவர்களுடைய பேர், பட்டம், பல்கலைக்கழகம் எல்லாம் மேலே இருந்தது. சொல்லிக் கொடுத்தவர்கள் உள்ளூர்ப் பெண்கள். எந்த இலை என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள், கேட்டவர் எழுதிக்கொள்ளவில்லை. அவர் எழுதாமல் விட்டது இன்னொருத்தருக்குச் சொத்தாகிறது.

கம்பெனிக்காரர்களைத் திருடர்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட நான் தயாரில்லை. அவர்கள் கிராம் கணக்கில் அளந்திருந்தார்கள், மெஷினில் தெளிக்கிற மாதிரி செய்திருந்தார்கள், எத்தனை நாளைக்கு வண்டு வரவில்லை என்று எண்ணியிருந்தார்கள். அந்த மெஷினுக்கு உரிமை கேட்டிருந்தால் எனக்கு வழக்கே இல்லை. கேட்டது கலவைக்கு.

வக்கீலிடம் சொன்னேன்: “சார், இத எங்க ஆயா பண்ணிருக்காங்க.”

அவர் கெட்டவர் இல்லை. என் மகளுடைய காலேஜ் ஃபீஸுக்கு முன்பணம் கொடுத்தவர். சிரித்துக்கொண்டே கேட்டார்: “உங்க ஆயா எங்கய்யா பப்ளிஷ் பண்ணாங்க?”

அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அந்த வரியை அடித்து முடித்தேன். ‘இதற்கு முன் எவராலும் பயன்படுத்தப்பட்டதில்லை.’ ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஒரு நல்ல வரி சேர்ந்தது. உள்ளூர்ச் சமூகத்திலோ பழங்குடிச் சமூகத்திலோ, வாய்மொழியாகவோ வேறு விதமாகவோ, ஏற்கெனவே இருக்கிற அறிவு என்றால் காப்புரிமையை எதிர்க்கலாம். 25ஆம் பிரிவில் இருக்கிறது. வாய்மொழியாக! காப்புரிமை கொடுப்பதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம் என்று 2005 திருத்தம் சொன்னது. மனு வெளியான பிறகு அதில் ரகசியம் எதுவும் இல்லை. எங்க அம்மாவே விரல் ரேகை வைத்து அபிடவிட் கொடுத்திருக்கலாம். காப்புரிமை அலுவலகம் இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? கிண்டியில், ஜி.எஸ்.டி. ரோட்டில். எங்கள் ஊர் வழியாகப் போகிற அதே ரோடு. ஆனால் நான் எதிர்க்கட்சிக்காரனின் சம்பளத்தில் இருந்தேன். எங்கள் சேரியில் இந்த வரி தெரிந்தவன் நான் ஒருவன்தான், என் வாயும் அடைபட்டிருந்தது.

கொஞ்ச காலம் கழித்து கம்பெனி அப்பீலை வாபஸ் வாங்கிக்கொண்டது. வியாபாரம் ஒத்துவரவில்லையாம். ஆயாவின் கலவைக்கு யாரும் வேலி போடவில்லை. ஆனால் ஆயா இருந்தாங்க என்பதால் அது நடக்கவில்லை.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்குச் சித்தப்பா ஞாபகம் வரும். நம்ம செங்கல்பட்டு மாவட்டத்து கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். அதை வைத்து 1892இல் ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் கொடுக்க உத்தரவானது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். வேறு சாதியாருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. சித்தப்பாவின் கையில் பழைய ‘அ’ பதிவேட்டின் நகல் இருந்தது. ‘டி.சி. நிலம்’ என்று தெளிவாக எழுதியிருக்கும். அதை பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக ஏறினார். ஒரு அதிகாரி சொன்னாராம்: “காகிதம் சரிப்பா, அனுபவம் யாருது? அம்பது வருஷமா உழுவுறது யாரு?” காரணையில் பஞ்சமி நிலத்துக்காக எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10ஆம் தேதி போலீஸ் சுட்டு, ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். அந்தப் போராட்டத்துக்கும் காகிதம் இருந்தது.

நிலத்துக்கு எங்களிடம் காகிதம் இருக்கிறது. அனுபவம் எங்கே என்கிறார்கள். மருந்துக்கும் விதைக்கும் எங்களிடம் அனுபவம் இருக்கிறது. காகிதம் எங்கே என்கிறார்கள். நம்மிடம் எது இல்லையோ அதைத்தான் சட்டம் கேட்கிறது. இது அமெரிக்காவில் ஆரம்பித்த வழக்கமில்லை. அமெரிக்கச் சட்டம் இந்தியாவைப் பார்த்து ‘உன் ஊரில் நீ செய்வது கணக்கில் வராது’ என்றபோது தேசமே கொதித்தது. கொதிக்க வேண்டியதுதான். 2011இல் அவர்களே அதை மாற்றிச் சட்டம் போட்டார்கள், 2013 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதே வார்த்தையை ஊர் சேரியைப் பார்த்து எத்தனை தலைமுறையாகச் சொல்லிவருகிறது? பண்ணை வீட்டு விதை என்று பேர் வைத்தபோது எந்த தேசம் கொதித்தது?

மஞ்சளுக்கும் வேம்புக்கும் பிறகு அரசாங்கம் 2001இலிருந்து மரபறிவு மின்னூலகம் ஒன்றைத் தொகுத்தது. ஆயுர்வேதம், யுனானி, சித்தம், யோகா நூல்களில் இருப்பதை எடுத்து, வெளிநாட்டுப் பரிசோதகர்கள் படிக்கிற ஐந்து மொழிகளில் வைத்தார்கள். பல காப்புரிமைகளை அது தடுத்திருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் அடிப்படை நூல். நூலில் ஏறினவன் அறிவு தேசத்தின் அறிவு. மாமல்லபுரம் போகிற கடற்கரை ரோட்டில் வடநெம்மேலியில் இருளர்கள் 1978இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். தரையில் தடம் பார்த்து எந்த வளையில் எந்தப் பாம்பு என்று சொல்கிற அறிவை எந்தச் சுவடியில் படித்தார்கள்? அவர்கள் எடுத்துக் கொடுக்கிற விஷத்திலிருந்துதான் கம்பெனிகள் முறிமருந்து செய்கின்றன. 2023இல் இந்த மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கையில் இருக்கிற அறிவைப் பார்க்கத் தெரியாது என்பது பொய். வேண்டும்போது தெரிகிறது.

எழுதி வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பல்லுயிர்ச் சட்டத்தை 2023இல் திருத்தினார்கள். நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துகிறவர்கள் பலனில் பங்கு கொடுக்கத் தேவையில்லை என்று விலக்கு வந்தது. எழுதாவிட்டால் உன்னுது என்று நிரூபிக்க முடியாது, எழுதினால் எல்லாருக்கும் சொந்தம், உனக்குப் பங்கில்லை. இரண்டு பக்கமும் இடிக்கிற மத்தளம்தான்.

இருந்தாலும் எழுதுவது என்று முடிவு பண்ணினேன். பங்கு கிடைக்காமல் போகலாம். ‘எவராலும் பயன்படுத்தப்பட்டதில்லை’ என்று இன்னொரு டைப்பிஸ்ட் அடிக்காமல் இருந்தால் போதும். மாணவத் தோழர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஆயாக்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்த இலை, எவ்வளவு, எந்த மாசம், யாரிடம் கற்றது என்று கேட்டு, தேதி போட்டு எழுதுங்கள். இதை வெளியே சொல்லாதே என்று அவங்க சொன்னால் எழுதாதீர்கள். அதுவும் அவங்க உரிமை. ‘உள்ளூர்ப் பெண்கள்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, போன தையில் அம்மாவை உட்கார வைத்து ஒரு மரக்கால் துவரைக்கு மண் கட்டச் சொன்னேன். பக்கத்தில் தராசோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு கை வசம்பையும் நிறுத்தேன். அம்மா இரண்டு தடவை கையைத் தட்டிவிட்டாங்க. மேலே நான் எழுதியிருக்கிற முறையில் ஒரு தப்பு இருக்கிறது, அதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வசம்பைச் சாற்றில் சேர்க்கக் கூடாதாம். முதலில் காய்ந்த மண்ணோடு பிசறி, அப்புறம்தான் சாறு ஊற்றணுமாம். சாற்றில் போட்டால் திரிதிரியாக நிற்குமாம், மணியில் ஒட்டாதாம். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான், படித்தவன் வேறு, தப்பாகத்தான் மனசில் வைத்திருந்தேன். திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன். ஆயாவின் அறிவுக்கும் என் ஞாபகத்துக்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களும் பார்க்கணும்.

நான் குறித்துக்கொள்வதை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாங்க. “இன்னாத்துக்கு இம்மாம் எழுதற?” என்றாங்க.

“ஆயா எங்க அச்சடிச்சாங்கன்னு ஒருத்தர் கேட்டாரும்மா.”

“கேட்டா சொல்லு,” என்றாங்க, கையில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே. “படாளத்துலன்னு சொல்லு.”